இரண்டாவது சாவி

பார்வையாளர்களைக் கண்ணாடி மாடத்தில் ஏற்றி நிறுத்தியதும் அவள் உடனே பேச ஆரம்பிக்கமாட்டாள். கொஞ்ச நேரம் பார்க்கவிடுவாள். கீழே கம்பிவலைக் கூண்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஆரஞ்சு நிறக் கைகள் நாலைந்து, ஒன்றோடொன்று உரசாமல் குனிந்து நிமிர்ந்து, கார் உடம்பைக் கவ்விப் பொறி பறக்கவிடும். வாய்க்குள் ஈ போனால்கூடத் தெரியாமல் அவர்கள் நிற்கிற நேரம் பார்த்துக் கழுத்தோரத்து மைக்கைத் தட்டிவிடுவாள். தொழிற்சாலை முழுக்க அவளுக்கு மைக் அக்கா என்றுதான் பேர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

இந்த ரோபோக் கைக்கு ஆறு மூட்டு என்று தொடங்குவாள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, மிச்சம் மூன்றும் மணிக்கட்டில். அதனால்தான் கார் கதவுச் சட்டத்துக்குள் நுழைந்து திரும்பி, நம் கை போகாத இடத்துக்கும் போகிறது. நுனியில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு செப்பு முனைகள். இரண்டு தகடுகளைச் சேர்த்துக் கவ்வும். மின்சாரம் பாயும். கவ்விய இடத்தில் மட்டும் இரும்பு உருகி, மிளகு அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு காரின் உடம்பில் இப்படி ஆயிரக்கணக்கான ஒட்டுகள். துணி தைக்கிற மாதிரிதான், நூலுக்குப் பதில் நெருப்பு. அந்தச் சூட்டில் செப்பு முனையே இளகிப்போகாமல் இருக்க, உள்ளே குழாய் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார், அதற்குக் கண் இருக்கிறதா என்று. இல்லை என்பாள். போகச் சொன்ன இடத்துக்குப் போகும், செய்யச் சொன்னதைச் செய்யும். அங்கே தகடு இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

போகச் சொல்வது அவள் கணவன். கையில் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ரோபோவின் கையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, இங்கே நில், இங்கே கவ்வு, இங்கே திரும்பு என்று பதிய வைக்கிற வேலை. அதனால் அவனுக்கு வாத்தியார் என்று பேர். அவனுடைய தம்பியும் அங்கேதான், தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற பிட்டர். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே பேருந்து. தம்பி சாப்பாட்டுப் பையைப் பேருந்தில் விட்டுவிடுவான், பேருந்துக்கே வர மறந்துவிடுவான், ஒருமுறை அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நாள் முழுக்கக் கால் வலிக்கிறதென்று புலம்பினான். தொழிற்சாலையில் கிண்டலாக அவனை ஞாபகம் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அவன் சின்னவன்.

"நான் ஒரு தடவ சொன்னா ரோபோ கேக்குது. இவனுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேயுது" என்பான் வாத்தியார். சின்னவன் அசரமாட்டான். "அதுக்குச் சம்பளம் இல்லண்ணே, அதான் பயந்து நடக்குது."

மாடத்தில் அவள் ஆசையாக விளக்குகிற விஷயம் ரோபோ அல்ல, கூண்டின் கதவு. கதவோரத்தில் ஓட்டைகள் போட்ட ஒரு தகடு இருக்கும். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தத் தகட்டின் ஓட்டையில் தன் சொந்தச் சிவப்புப் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் கதவின் தாழ்ப்பாள் நகராது. தாழ்ப்பாள் போடாமல் ரோபோவுக்கு மின்சாரம் போகாது. பூட்டுக்கு ஒரே ஒரு சாவி, அது உள்ளே இருப்பவனின் பையில். ஆகவே அவனாக வெளியே வந்து திறந்தால்தான் உண்டு. முதலாளியே வந்து நின்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை ஏறும். யாரையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாடு என்பாள்.

ஆனால் சின்னவன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே வேலையை முடித்து, கதவைத் தாண்டிச் சாப்பிடப் போய்விடுவான். பூட்டு அங்கேயே தொங்கும். அவனைத் தேடிப் பிடித்துச் சாவியோடு கூட்டிவரும் வரை வரிசை முழுக்க நிற்கும். மேற்பார்வையாளர் வாத்தியாரைத்தான் பிடித்துத் திட்டுவார், தம்பியாயிற்றே என்று. ஒருநாள் வாத்தியார் தம்பியின் சாவிக்கு நகல் ஒன்று வெட்டி வாங்கித் தன் வளையத்தில் கோத்துக்கொண்டான். சின்னவனுக்கு அது பெரிய நிம்மதி. அவன் சாப்பிடப் போய்விட்டால் அண்ணன் பூட்டைத் திறந்து, சுவரில் அவன் கொக்கியில் மாட்டிவிட்டு, வரிசையை ஓட்டிவிடுவான். அவளுக்கும் இது தெரியும். அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் சகஜம் என்று நினைத்தாள். மாடத்தில் மட்டும் ஒரே சாவி என்றே சொல்லிவந்தாள்.

அன்றைக்கு வரப்போகிறவர்கள் பெரிய வாடிக்கையாளர்கள், வரிசை நிற்கக்கூடாது என்று காலையிலிருந்தே எல்லோர் காதிலும் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களை மாடத்துக்குக் கூட்டிவந்தபோது நேர் கீழே இருந்த கூண்டு நின்றிருந்தது. நடுவில் கார் உடம்பைத் திருப்புகிற சுழல்மேடை. அதற்கு இந்தப் பக்கம், மாடத்தின் அடியில், சின்னவன் குந்தி உட்கார்ந்து ஒழுகுகிற குழாயை மாற்றிக்கொண்டிருந்தான். கதவு எதிர்ப்பக்கம். கதவில் நிற்பவனுக்கு மேடை மறைக்கும், மேலே இருக்கிற அவளுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

நின்றிருப்பதும் நல்லதுக்குத்தான் என்று அவள் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினாள். சிவப்புப் பூட்டைக் காட்டினாள். உள்ளே இருக்கிற ஆளைக் காட்டினாள். அதற்குள் வாத்தியார் கதவருகே வந்தான். நிமிர்ந்து மாடத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். முகத்தில் அவசரம் தெரிந்தது. தகட்டில் கை வைத்தான். தன் பூட்டையும் மாட்டிவிட்டுத் தம்பிக்கு உதவி செய்ய உள்ளே போகப்போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏதோ ஒரு கூண்டு ஓடப்போகிறது என்று எச்சரிக்கிற சைரன் ஒலித்தது. கோட் போட்ட ஒருவர், இந்தக் கூண்டுக்கா என்று கேட்டார். அவள் சிரித்தாள்.

"இல்ல சார், அது பக்கத்துக் கூண்டுக்கு. இங்க ஆள் இருக்காரே. என்ன சைரன் அடிச்சாலும் இது அசையாது."

கீழே சின்னவனும் சைரன் கேட்டுத் தலையைத் தூக்கினான். ஒரு கணம் யோசித்தான். பிறகு மறுபடி குழாயைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவன் என்ன யோசித்திருப்பான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் சொன்னதைத்தான் அவனும் தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். பூட்டு தொங்குகிறது, ஆகவே இது எனக்கில்லை.

மேடை திரும்பியது. பக்கவாட்டில் இருந்த கை, தான் போகவேண்டிய புள்ளிக்குப் போனது. வழியில் இருந்தது தகடா முதுகா என்று அதற்குத் தெரியவில்லை. கண்ணாடி தடிமன் என்பதால் மாடத்தில் சைரனைத் தவிர எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வாத்தியார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தம்பி சாப்பிடப் போய்விட்டான் என்றே நினைத்ததாகச் சொன்னான். பூட்டைத் திறந்து பழக்கத்தில் சுவர்க் கொக்கியில் மாட்டியிருக்கிறான். ஓடிவந்தவர்கள் பூட்டைக் கொக்கியில்தான் பார்த்தார்கள். ஞாபகம்தானே, பூட்டு மாட்டாமலே உள்ளே போயிருக்கிறான் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். பொய்யை வாத்தியார் உண்டாக்கவில்லை, அது தயாராக வந்து நின்றது. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"நீ அந்தப் பக்கம் திரும்பி அவங்களோட பேசிட்டிருந்தே. எதையும் பாக்கல" என்றான்.

சின்னவன் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம் அது. போகிறவனுக்கு எதுவானால் என்ன, இருக்கிறவனாவது இருக்கட்டும் என்று அவளும் தலையாட்டினாள். விசாரணையிலும் அப்படியே சொன்னாள்.

சின்னவன் பிழைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை. அன்றைய காலையும் தலையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டிருந்தது. மற்றவர்கள் சொன்னதையே தன் ஞாபகமாக வைத்துக்கொண்டான். பூட்டு மாட்ட மறந்துவிட்டேன் என்பது அவனுக்குக் கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை.

வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். வாத்தியார் காலையிலும் மாலையிலும் அவனைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோவான், குளிப்பாட்டுவான், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சின்னவனோ ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டான். என்னால் உனக்குத்தான் கெட்ட பேர் அண்ணே என்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து துக்கம் விசாரித்தால் அவர்களைச் சிரிக்கவைத்தே அனுப்புவான். "எல்லாத்தையும் எங்கயாவது வெச்சிட்டு வந்துருவேன்ல, இந்தத் தடவ ரெண்டு காலையும் வெச்சிட்டு வந்துட்டேன்." அவள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் நின்றுகொள்வாள்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். புதிதாகச் சேருகிற ஆட்களுக்குக் காட்ட ஒரு வீடியோ எடுக்கப்போவதாகச் சொன்னார். பூட்டு மாட்டாமல் போனால் என்ன ஆகும் என்று சின்னவனே தன் வாயால் சொன்னால் பத்து வகுப்புக்குச் சமம் என்றார். சின்னவனின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. தன்னால் இன்னமும் ஒரு வேலை ஆகிறதே என்று. காமிராக்காரர் மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு.

அவர் போனதும் அண்ணியைக் கூப்பிட்டான். மைக்கில் பேசுகிறவள் ஆயிற்றே, எப்படிப் பேசவேண்டும் என்று அவள்தான் சொல்லித்தரவேண்டும். அவளும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதல் வாக்கியத்தைச் சின்னதாகச் சொல், மூச்சு விடு, காமிராவுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள் என்றாள். அவன் சொல்லிப்பார்த்தான்.

"அன்னைக்கு நான் என் பூட்ட மாட்டல. ரெண்டு நிமிஷ வேலதானேன்னு உள்ள போனேன்."

அந்த ரெண்டு நிமிஷம் அவனுடைய சொந்தச் சரக்கு. இல்லாத ஞாபகத்துக்குக் கைகால் வைத்துக்கொண்டிருந்தான்.

"எப்படி அண்ணி, சரியா இருக்கா? 'மாட்டல'ங்கறத அழுத்திச் சொல்லட்டுமா?"

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவன்மேல் வந்த பரிதாபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாள்தோறும் இது எப்படி நடக்கிறது, அது எப்படி நடக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிய நாக்கு. நடந்தது இதுவல்ல. இதைப் பார்த்துவிட்டுப் புது ஆட்கள் பூட்டை ஒழுங்காக மாட்டுவார்கள், மாட்டிவிட்டு நிம்மதியாகக் குனிந்து உட்காருவார்கள். சின்னவனும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

"பூட்டு தொங்குச்சு தம்பி" என்றாள். "நீ மாட்டிட்டுத்தான் போனே. நான் எல்லாருக்கும் காட்டினேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். யார் திறந்தது என்று அவன் கேட்கவில்லை. பூட்டு தொங்கியிருந்தால் தாழ்ப்பாள் நகராது. தாழ்ப்பாள் நகர்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கவேண்டும். ஒரு சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமணிகளோடு வந்து சேர்ந்திருந்தது. இதை யோசிக்க ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எதுக்கு அண்ணி இப்ப சொன்னீங்க?" என்றான். "என் மறதிதான்னு இருந்தப்ப ராத்திரி தூக்கமாவது வந்துச்சு."

அவள் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப்போட்டாள்.

சாயங்காலம் வாத்தியார் வந்தான். செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவி, வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டிலருகே குனிந்தான். சின்னவன் கையைத் தூக்கவில்லை.

"பூட்டத் தொறந்தியே, அப்ப சத்தம் குடுத்தியாண்ணே?"

குனிந்தவன் அப்படியே நின்றான். மனைவியை ஒருமுறை பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்துமுன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிவந்து பார்க்கவேண்டும், முடியாவிட்டால் சத்தமாவது கொடுக்கவேண்டும் என்பது கூண்டுக்காரர்கள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம்.

"குடுத்தேன்டா. ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீ குரல் குடுக்கல."

சின்னவனின் கண் அண்ணியிடம் வந்தது. மேலே இருந்தவளுக்குக் கேட்டிருக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் கதவு மாடத்தைப் பார்த்தபடி இருக்கிறது, கதவில் நிற்பவனின் முகம் அவளுக்கு நேராகத் தெரியும் என்பதும் தெரியும். கணவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவரு வாயே தொறக்கல" என்றாள். "எங்களப் பாத்தாரு. அப்புறம் பூட்டுத் தகட்டுல கை வெச்சாரு. அடுத்தது சைரன்தான்."

வாத்தியார் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. ஏதோ சொல்ல வந்து, வரிசை நிற்கிறதென்று திட்டினார்கள், கூட்டம் வந்து நின்றுவிட்டது, எப்போதும் நீ சாப்பிடத்தானே போவாய் என்று துண்டு துண்டாகச் சொன்னான். சின்னவன் எல்லாவற்றையும் கேட்டான். எப்போதும் அப்படித்தான் போவேன், சரிதான் என்றும் சொன்னான். அறையில் இருட்டு ஏறியது. விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் சின்னவன்தான் பேசினான். குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"விஷயம் வெளிய போனா உன்ன உள்ள தள்ளிருவாங்க. அப்புறம் என்ன யாரு தூக்குவா? அண்ணியால முடியுமா?" "நாளைக்கு நான் மாட்டலன்னே பேசறேன். ஆனா சாவி விஷயத்தச் சொல்லுவேன். ரெண்டாவது சாவி யாரும் வெட்டக்கூடாதுன்னு சொல்லுவேன். அதையாவது சொல்ல விடு."

வாத்தியார் தலையாட்டினான். பிறகு சின்னவன் கைகளை நீட்டினான். கழிவறைக்குப் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டிருந்தது. விரிப்பு நனைந்திருந்தது.

காலையில் காமிராவும் இரண்டு விளக்குகளும் முன்னறையை அடைத்துக்கொண்டன. அண்ணன் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டிருந்தான். சின்னவன் அண்ணி சொல்லித்தந்தபடியே சின்ன வாக்கியமாகத் தொடங்கினான், மூச்சு விட்டான், பூட்டு மாட்டவில்லை என்றான். பிறகு காமிராவை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"இன்னொண்ணு. உங்க பூட்டுக்கு ரெண்டாவது சாவி வெட்டாதீங்க. கூடப் பொறந்தவனா இருந்தாலும் குடுக்காதீங்க."

அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ரொம்ப நன்றாக இருந்தது, அந்தக் கடைசி விஷயம் மட்டும் எதற்கு என்றார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அது முக்கியம் என்று அவள் குறுக்கே சொன்னாள். பூட்டின் பலமெல்லாம் ஒரே சாவி என்பதில்தான் இருக்கிறது, இரண்டாவது சாவி வந்துவிட்டால் தொங்குகிற பூட்டு வெறும் அலங்காரம், இந்த நிமிஷம் எத்தனை பேர் வளையத்தில் அடுத்தவன் சாவி கிடக்கிறதோ என்று விளக்கினாள். மாடத்தில்கூட இவ்வளவு கவனமாக எதையும் விளக்கியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிக்கா. ஆனா தம்பி பூட்டே மாட்டலையே? மாட்டாத பூட்டுக்குச் சாவி ரெண்டா இருந்தா என்ன, பத்தா இருந்தா என்ன? பாக்கறவங்க குழம்பிருவாங்க."

அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பொய்யைத் தட்டிப் பார்த்தால் எங்குமே ஓட்டை இருக்கவில்லை, உண்மையின் ஒரு துளியைக்கூட அதற்குள் நுழைக்க முடியாது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் வந்துவிடும். சின்னவனும் அவனைத்தான் பார்த்தான். வாத்தியார் காமிராவின் ஒயர் காலில் மாட்டாமல் இருக்க அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ஒதுக்கி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"அந்தச் சாவி விஷயத்த எடுத்துருங்க சார்" என்றான் சின்னவன். "முதல்லேருந்து சொல்றேன்."

சொன்னான். ஒரு தடுமாற்றமும் இல்லை. காமிராக்காரர் விளக்குகளை அணைத்துக்கொண்டே, நடிகர்களே இப்படிச் சொல்லமாட்டார்கள் என்று பாராட்டினார். அதிகாரி சின்னவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், இதனால் எத்தனை உயிர் தப்பும் தெரியுமா என்று கேட்டார்.

அவர்கள் போனதும் வாத்தியார் வந்து குனிந்தான். சின்னவன் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். தூக்கிக்கொண்டு போகும்போது முகம் முகத்தில் படாமல் இருக்க, தலையைப் பின்னால் சாய்த்து, மேற்கூரையைப் பார்த்தபடியே போனான்.